‘சும்மா உட்காருங்கம்மா’ என்று சொல்லாதீர்கள்

அறுபதைத் தாண்டிய அம்மாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருக்கிறாரா? இந்த வாரம் அவரிடம் எத்தனை முறை “நீங்க சும்மா உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்” என்று சொன்னீர்கள்? கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அம்மா குளியலறை வாசலில் தடுமாறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருக்கு எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. அன்றிலிருந்து துணி காயப்போடக் கூடாது, தனியாகக் கடைக்கு நடக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டோம். ஆறே மாதத்தில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ அவரால் முடியாமல் போனது. பாதுகாக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த முறை விழுவதற்கு நாங்களே வழி செய்துகொண்டிருந்தோம். பள்ளியில் அறிவியல் போதிக்கும் எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது.

மாதவிடாய் நின்றபின் பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. புதிய எலும்பு உருவாகும் வேகத்தைவிடப் பழைய எலும்பு கரையும் வேகம் கூடிவிடுகிறது. மருத்துவர் தரும் மருந்தும் கால்சியமும் வைட்டமின் டியும் இதற்குத் தேவைதான். ஆனால் முதியவர்களின் இடுப்பு எலும்பு முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கீழே விழுவதால் ஏற்படுபவை. ஆகவே எலும்பைக் கவனிக்கும் அளவுக்கு, விழாமல் இருப்பதையும் கவனிக்க வேண்டும்.

ஈர்ப்பு மையத்திலிருந்து நேராக இறங்கும் கோடு அடிப்பரப்புக்குள் இருக்கும்வரை ஒரு பொருள் சாயாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். மனித உடலுக்கு அடிப்பரப்பு இரண்டு பாதங்கள்தாம். கூன் விழுந்தால் அந்தக் கோடு முன்னே நகர்கிறது. கண், உட்காது, பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்றும் தரும் தகவலை வைத்து, மூளை நொடிக்கு நொடி தசைகளை இயக்கி நம்மை நிற்க வைக்கிறது. இது பழகினால் கூடும், பழகாவிட்டால் மங்கும். உட்கார்ந்தே இருப்பவருக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

நியூசிலாந்தில் உருவான ‘ஒட்டாகோ’ பயிற்சித் திட்டம் இதற்கு நல்ல சான்று. வீட்டிலேயே செய்யும் கால்வலுப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, நடை ஆகியவைதான் அதில் உள்ளன. நான்கு ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முதியவர்கள் விழுவது சுமார் 35 விழுக்காடு குறைந்திருந்தது.

அதற்காகக் கைப்பேசியில் வரும் எந்தக் காணொளியையும் அம்மாவுக்கு அனுப்பிவிடாதீர்கள். முதுகெலும்பில் எலும்புப்புரை உள்ள 59 பெண்களைப் பற்றி அமெரிக்காவின் மாயோ கிளினிக் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பில் புதிய பாதிப்பு வந்தது. முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் அது 89 விழுக்காடு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் குனிந்து கால் விரலைத் தொடுவதும், மல்லாந்து படுத்து எழுந்து உட்காரும் ‘சிட்-அப்’பும் இவர்களுக்கு ஏற்றவை அல்ல என்ற எச்சரிக்கை இன்றும் நிற்கிறது. குனியும்போது முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்குவதுதான் காரணம். தரையில் உள்ள பொருளை எடுக்கும்போதும் முதுகை வளைக்காமல் இடுப்பையும் முழங்காலையும் மடக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்? சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்களுக்கு முன்னே வைத்து பத்து விநாடி நிற்கலாம். உறுதியான நாற்காலியிலிருந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல், எழுந்து உட்காரலாம். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கலாம். முதல் சில வாரங்களுக்கு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள், முதுகுவலியோ தலைச்சுற்றலோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

நம் அம்மாக்கள் தங்களுக்கென்று நேரம் ஒதுக்கிப் பழகாதவர்கள். “இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா எக்சசைஸ்?” என்பார்கள். என் அம்மாவும் அதையேதான் கேட்டார். நானும் அவர் பக்கத்தில் நின்று செய்யத் தொடங்கிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். இப்போது கையை ஊன்றாமல் எழுகிறார். துணியும் அவர்தான் காயப்போடுகிறார்.

இன்று மாலை தேநீர் கொதிக்கும் நேரம் போதும். உங்கள் அம்மாவை அழைத்து மேடையருகே நிற்க வையுங்கள். பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள்.