ஏரிப் பறவைகளும் பயிர்த்தொழிலும்

ஏரிக்குள் நிற்கும் மரங்கள் நீர்க்கொள்ளளவைக் குறைப்பதால், தூர் வாருங்கால் அவற்றை வெட்டிவிட வேண்டுமென்போர் உளர். இது லாபத்தை மறந்த கணக்காகும்.

செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் குடியானவர்கள், அம்மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடா, நீர்க்காகம், நாரை முதலியவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு எருவாதலை அனுபவத்தில் அறிந்தனர். ஆதலின் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, அவற்றைச் சுடலாகாதென்று கலெக்டரிடம் உத்தரவு பெற்றனர். அவ்வேரி 1936-ல் சரணாலயமாயிற்று. 2022-ல் ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. நத்தைகுத்தி நாரைக்கோ நத்தையே முக்கிய இரை.

ஆகவே, கூடுள்ள மரங்களை விட்டுவைத்து, குஞ்சுகள் பறந்த பின்னரே தூர் வாருதல் நன்று. ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தத்தம் ஏரியும் சேருமாறு கிராம உத்தியோகஸ்தர்கள் உதவுவார்களாயின், எவ்வேரி காக்கத்தக்கது என்பதை அறிய அது துணைபுரியும்.