வாய் திறந்தால்தான் மொழி வரும்!

கரையில் நின்று பாடம் கேட்டால் நீச்சல் வருமா? கிணற்றில் இறங்க வேண்டும். ஆங்கிலப் பேச்சும் அப்படித்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் உள்ள வ. புதுப்பட்டி போன்ற ஊர்களில், ஆங்கிலக் கட்டுரையை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால், "உன் ஊர் எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் பலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நாளை வேலைக்கான நேர்முகத் தேர்விலும் தலை குனிந்தால், படித்த படிப்பு என்ன ஆவது?

இது அறிவுக் குறை அல்ல. பேச இடம் கொடுக்காத குறை.

27 ஆயிரம் ஆசிரியர்கள்

இந்தக் குறையைத் தமிழ்நாடு முன்பே கண்டது. 1959-ம் ஆண்டு, அன்றைய சென்னை ராஜ்யத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையுடன் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. ஆங்கிலம் ஆரம்பிக்கும் வகுப்புகளின் ஆசிரியர்கள் 27 ஆயிரம் பேருக்கு மறுபயிற்சி அளிப்பதே நோக்கம். முதலில் சிலர் பயிற்சி பெற்றார்கள். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு விளக்கில் பல விளக்கு ஏற்றியதுபோல!

முதலில் வாய்ப்பேச்சு, பிறகு எழுத்து என்பதே அக்கால முறை.

20 வாரம்

இன்று அந்த விளக்கு பயிற்சி ஆசிரியர்களின் கையில் இருக்கிறது. 2014-ம் ஆண்டு விதிகளின்படி பி.எட். படிப்பு இரண்டு ஆண்டு ஆயிற்று. அதில் 20 வாரம் களப்பயிற்சி. பெரும்பகுதி பள்ளிக்கூடத்தில்தான்.

அந்த நாட்களை எப்படிப் பயன்படுத்துவது? ஒரு கணக்குப் பாருங்கள்.

வகுப்பில் 40 பேர். பாடவேளை 40 நிமிடம். ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால், ஒருவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தால்? பத்தே நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேசிவிடலாம்!

பால்கோவா கடை

பேசுவதற்குப் பொருளும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மாணவன் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்காரன். மற்றவன் வாடிக்கைக்காரன். "ஹௌ மச் இஸ் திஸ்?" என்று ஒருவன் கேட்க, மற்றவன் விலை சொல்ல, பேச்சு தானாக வளரும்.

பிழை வரும், வரட்டும். பேசும்போதே குறுக்கிட்டால் வாய் மூடிக்கொள்ளும். பேசி முடித்தபின் திருத்தலாம். சிரிப்பதை மட்டும் அனுமதிக்கக் கூடாது.

சத்தமில்லாத வகுப்பே நல்ல வகுப்பு என்ற எண்ணம் போக வேண்டும். பயிற்சி ஆசிரியருக்கு மதிப்பெண் போடுகிறவர்கள், அவர் எவ்வளவு பேசினார் என்று பார்க்க வேண்டாம். மாணவர்களை எவ்வளவு பேச வைத்தார் என்று பார்க்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. "எத்தனை மார்க்?" என்று கேட்கும் முன், "இன்று வகுப்பில் என்ன பேசினாய்?" என்று கேளுங்கள்!