மால்ஷேஜுக்கு இரண்டு அரை டிக்கெட்

காலை 6 மணி. டோம்பிவிலி ரயில் நிலைய மேம்பாலத்தில் கூட்டம் ஒரே திசையில் ஓடுகிறது. சி.எஸ்.எம்.டி. போகும் ஃபாஸ்ட் லோக்கலைப் பிடிக்க வேண்டும். அந்த வெள்ளத்துக்கு எதிராக, கைப்பிடிச் சுவரை ஒட்டி மெல்ல நடந்து, கல்யாண் செல்லும் வண்டிக்கு இறங்குகிறார்கள் ஒரு தம்பதி. கணவருக்கு வயது 67. மனைவிக்கு 61. அவர் முதுகில், மகன் கல்லூரிக் காலத்தில் மலையேறப் பயன்படுத்திய நீலப் பை. மனைவியின் கையில் துணிப்பை. உள்ளே எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, இரண்டு குடைகள்.

வண்டியில் உட்கார இடம் கிடைக்கிறது. "எதிர்ப்பக்கம் போற வண்டியில உட்கார்ந்தே போகலாம்னு 34 வருஷமா தெரியாமப் போச்சே" என்கிறார் அவர். ஜன்னல் ஓரத்தை மனைவி ஏற்கெனவே பிடித்துவிட்டார்.

மும்பைத் தமிழர்கள் பலரின் கதைதான் அவர்களுடையதும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவியில் உறவினர் வீட்டில் சில மாதம், செம்பூரில் வாடகைக்குச் சில வருடம். கல்யாணத்துக்குப் பிறகு, கையிலிருந்த காசுக்கு வீடு கிடைத்த இடம் டோம்பிவிலி. ஒரு ரூம், ஒரு கிச்சன். அங்கிருந்து சி.எஸ்.எம்.டி. சுமார் 48 கி.மீ. கோட்டைப் பகுதியில் கணக்கர் வேலை. போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. பெரும்பாலும் நின்றுகொண்டு, பல நாள் வாசலில் தொங்கிக்கொண்டு. அது எவ்வளவு ஆபத்து என்பதை 2025 ஜூன் 9ஆம் தேதி காலை நாடே பார்த்தது. மும்ப்ரா வளைவில் இரண்டு லோக்கல்கள் ஒன்றையொன்று கடந்தபோது, வாசலில் நின்றவர்கள் தண்டவாளத்தில் விழுந்தனர். குறைந்தது நான்கு பேர் உயிரிழந்தனர். அவர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று முழுவதும் அவர் டிவியை அணைக்கவில்லை.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் பயணம் என்பதற்கு இரண்டு பாதைகள்தான். ஒன்று ஆபீஸுக்கு. மற்றொன்று, வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் இரவு வண்டி. கல்யாணைத் தாண்டி அது மலை ஏறும்போது வெளியே இருட்டு. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, பெட்டிகளுக்குச் சங்கிலி போட்டு முடிக்கும்போது புணே வந்துவிடும். அந்த இருட்டுக்குள் ஒரு மலை இருந்தது என்பதை அவர்கள் யோசித்ததே இல்லை.

இந்த மூன்றாவது பாதையைத் திறந்து வைத்தது ஒரு டிக்கெட் சலுகை. 2023 மார்ச் 17 முதல் மகாராஷ்டிர மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் எல்லா வகை பஸ்களிலும் மாநில எல்லைக்குள் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். 65 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பாதிதான். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 2022 ஆகஸ்டிலிருந்து டிக்கெட்டே இல்லை. ஆக, 67 வயதுக் கணவரும் 61 வயது மனைவியும் சேர்ந்து போனால் ஒரு முழு டிக்கெட்டுதான். 2025 ஜனவரியில் கட்டணம் 14.95 சதவீதம் ஏறிய பிறகும், மனைவியின் மாதக் கணக்கு நோட்டில் இந்தச் செலவுக்கு இடம் இருக்கிறது.

கல்யாணில் பஸ்ஸைக் கண்டுபிடிப்பது மனைவியின் வேலை. பலகைகள் எல்லாம் மராத்தியில். எண்களும் தேவநாகரி எண்களே. 34 வருடம் ரயில் கால அட்டவணையை மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு மராத்தி எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மனைவியோ காய்கறிச் சந்தையிலும், பிள்ளைகளின் பள்ளி வாசலிலும், பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் மராத்தியைக் கற்றவர். "என்னங்க, அது நாசிக். இங்க வாங்க. ஜுன்னர் இதுதான்" என்று முன்னால் போகிறார். அவர் பின்னால் போகிறார். இந்த வரிசை டோம்பிவிலிக்கு வந்த நாளிலிருந்து இதுவரை நடந்ததில்லை.

கண்டக்டர் "காகா, ஆதார்?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, மெஷினில் இரண்டு அரை டிக்கெட்டுகளைக் கிழித்துக் கொடுக்கிறார். மனைவியிடம் எந்த அட்டையும் கேட்கவில்லை.

மும்பையிலிருந்து கல்யாணுக்கு ரயில் வந்தது 1854இல். அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாரா வழியாக நாசிக்குக்கு, மற்றொன்று கர்ஜத் வழியாகப் புணேக்கு. இரண்டும் மலையை வெட்டி ஏறும் பாதைகள். இரண்டுக்கும் நடுவே முர்பாட், மால்ஷேஜ், ஜுன்னர் என்று போகும் மலைச்சாலையில் தண்டவாளம் இல்லை. அங்கே சிவப்பு பஸ்தான். 'சாலை எங்கே உண்டோ அங்கே எஸ்.டி.' என்பது அந்தக் கழகத்தின் பழைய பெருமிதம். 1948 ஜூன் 1ஆம் தேதி புணேயிலிருந்து, இன்று அஹில்யாநகர் என்று பெயர் மாறியிருக்கும் அகமத்நகருக்குப் புறப்பட்டதுதான் அதன் முதல் பஸ்.

முர்பாட் தாண்டியதும் கட்டிடங்கள் விலகி நெல் வயல்கள் வருகின்றன. டோக்காவடே கடந்தபின் இடதும் வலதும் கருங்கல் சுவர்கள் எழும்புகின்றன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை. படிக்கட்டு போன்ற அந்த அடுக்குகளைப் பஸ் ஜன்னலிலிருந்தே எண்ணலாம். ஓரிடத்தில் ஒரு சிகரம் கட்டைவிரல் போல நிமிர்ந்து நிற்கிறது. 'நானாவின் கட்டைவிரல்' என்கிறார்கள். அதன் அடியில்தான் நாணேகாட் கணவாய்.

தமிழ் படித்தவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், கல்யாண் துறைமுகத்திலிருந்து சரக்குகள் மேட்டுநிலத்துக்கு ஏறிய வழி அது. உச்சியில் இருக்கும் கல் தொட்டியில் சுங்கக் காசு போட்டார்கள் என்பது ஊர் வழக்கு. அங்குள்ள குகையில் சாதவாகன அரசி நாகனிகாவின் நீண்ட கல்வெட்டு, யாகங்களில் தானமாகத் தந்த பசுக்கள், குதிரைகள், காசுகளின் எண்ணிக்கையை எண்களாகவே சொல்கிறது. அந்தக் குலத்துச் சதகர்ணி மன்னர்களைத்தான் சிலப்பதிகாரம் 'நூற்றுவர் கன்னர்' என்று குறிப்பிடுகிறது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. சேரன் செங்குட்டுவன் கங்கையைக் கடக்க ஓடம் ஏற்பாடு செய்த நண்பர்கள் அவர்கள். ஊருக்கு வெகுதொலைவில் வந்து குடியேறியதாக நினைத்துக்கொண்டிருக்கும் டோம்பிவிலித் தமிழருக்கு, இது சற்று ஆறுதலான செய்தி.

பிறகு மலை ஏற்றம். கல்யாணிலிருந்து சுமார் 85 கி.மீ.யில் மால்ஷேஜ் காட். கனமழை மாதங்களில் பாறை சரிந்து சாலை மூடப்படுவதுண்டு. சனி, ஞாயிறுகளில் கார்க் கூட்டம் தாங்காமல் நிர்வாகமே அருவிகளுக்குத் தடை விதிப்பதும் உண்டு. அதனால்தான் தம்பதி மழை தணிந்த செப்டம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதும் வளைவுக்கு வளைவு வெள்ளைக் கோடுகளாக நீர் இறங்குகிறது. ஓரிடத்தில் அருவியின் சாரல் பஸ்ஸின் கூரையைத் தட்டிவிட்டு ஜன்னல் வழியே முகத்தில் அடிக்கிறது.

"குற்றாலம் மாதிரியே இருக்குங்க" என்கிறார் மனைவி.

மாதிரி அல்ல, இரண்டும் ஒரே மலைதான். தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கி.மீ. ஓடும் மேற்குத் தொடர்ச்சி மலை. குற்றாலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே கசிந்து சாரலாக விழுகிறது. இங்கே அதே காற்று மலையின் மேற்கு முகத்தில் நேராக மோதிக் கொட்டுகிறது. வருடா வருடம் இரண்டு இரவு ரயிலில் கழித்து எந்த மலையைப் பார்க்கப் போனார்களோ, அதன் வடக்குப் பகுதி வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் இருந்திருக்கிறது. அவர் எதுவும் பேசவில்லை. கைக்குட்டையை எடுத்து மனைவியிடம் நீட்டுகிறார். மனைவி முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

இரவு ஜுன்னரில் சாதாரண லாட்ஜ். மறுநாள் காலை லேண்யாத்ரி. ஜுன்னரைச் சுற்றியுள்ள மலைகளில் இருநூறுக்கும் மேற்பட்ட குடைவரைகள் உண்டு. லேண்யாத்ரியில் மட்டும் சுமார் முப்பது, பெரும்பாலும் பௌத்தத் துறவிகள் மழைக்காலத்தில் தங்கியவை. அவற்றில் ஒன்றில் இன்று பிள்ளையார். மகாராஷ்டிரத்தின் அஷ்டவிநாயகர் தலங்களில் ஒன்று. முந்நூறு படிகளை ஒட்டி ஏற வேண்டும். ஐந்து முறை உட்கார்ந்து, ஏறிவிட்டார்கள்.

திரும்பும் வழியில்தான் பயணத்தின் மறுபக்கம் தெரிகிறது. ஓதூர் பஸ் நிலையம். மாலை 4 மணிக்கு வர வேண்டிய கல்யாண் பஸ் வரவில்லை. மலை மேல் மூடுபனி, வண்டிகள் ஊர்ந்து வருகின்றன என்கிறார்கள். அதே பெஞ்சில் சீருடை அணிந்த ஏழெட்டு மாணவிகள். மலையடிவாரக் கிராமங்களிலிருந்து படிக்க வருகிறவர்கள். அஹில்யாபாய் ஹோல்கர் பெயரிலான திட்டத்தில் அவர்களுக்குப் பள்ளிக்குப் போக பஸ் பாஸ் இலவசம்.

"பஸ் வரலைன்னா என்ன செய்வீங்க?" என்று மராத்தியில் கேட்கிறார் மனைவி.

வடாப் ஜீப்பில் போவோம் என்கிறாள் ஒருத்தி. ஆட்களை அடைத்து ஏற்றிச் செல்லும் வாடகை ஜீப் அது. காசு கொடுக்க வேண்டும். தினமும் அப்படியென்றால் அப்பா பள்ளிக்குப் போக வேண்டாம் என்பார். இன்னொருத்தியின் அக்கா எட்டாம் வகுப்போடு நின்றது அப்படித்தான். சொல்லிவிட்டு அவள் புத்தகத்தை மடியில் வைத்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்குகிறாள்.

பெண்களின் பஸ் பயணச் சலுகை இன்று பல மாநிலங்களில் அரசியல் வாக்குறுதி. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய 'சக்தி' திட்டத்தில் சொகுசு அல்லாத வெளியூர் பஸ்களிலும் இலவசம். தொடங்கிய சில நாட்களிலேயே பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கோயில் ஊர்களுக்குக் கிளம்பியதைப் பலர் கேலி செய்தார்கள். ஆண்கள் அருவி பார்க்கப் போனால் சுற்றுலா, பெண்கள் போனால் வீண் செலவு என்ற கணக்கு அது. வீட்டில் யாரிடமும் காசு கேட்காமல், காரணம் சொல்லாமல் ஒரு பெண் பஸ் ஏற முடிவது சிறிய விஷயமல்ல.

ஆனால் அரை டிக்கெட்டுக்கு முதலில் ஒரு முழு பஸ் வேண்டும். பெருந்தொற்றுக்கு முன் மகாராஷ்டிரக் கழகத்திடம் சுமார் 18,000 பஸ்கள் இருந்தன. பின்னர் அது 15,000ஐ ஒட்டிக் குறைந்தது. 2021 இறுதியில் தொடங்கி 2022 ஏப்ரல் வரை நீண்ட ஊழியர் வேலைநிறுத்தத்தில், பல கிராமங்கள் மாதக்கணக்கில் சிவப்பு பஸ்ஸைப் பார்க்கவில்லை. சலுகைக்கான தொகையை அரசு கழகத்துக்கு ஈடு செய்கிறது. டிக்கெட் மலிந்தால் கூட்டம் கூடும். கூட்டம் கூடும்போது வண்டி குறைந்தால், முதலில் விட்டுப்போவது மலையடிவாரத்தின் கடைசி டிரிப்தான். டோம்பிவிலித் தம்பதிக்கு அந்த பஸ் இல்லையென்றால் இன்னொரு நாள் லாட்ஜ் வாடகை. அந்த மாணவிக்கு அது எட்டாம் வகுப்பா, பன்னிரண்டாம் வகுப்பா என்ற கேள்வி.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பலரின் நன்மைக்காக, பலரின் சுகத்துக்காக என்ற பௌத்த வாசகத்தைத்தான் கழகம் தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது. காலையில் பார்த்த குகைகளில் தங்கியவர்களின் வாசகம். நன்மை மாணவிக்கு, சுகம் தம்பதிக்கு என்று பிரித்துக்கொண்டாலும் குற்றமில்லை.

ஐந்தே முக்காலுக்கு, மஞ்சள் விளக்கு எரிய பஸ் வந்து நிற்கிறது. மாணவிகள் முதலில் ஏறுகிறார்கள். இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்து "ஆஜி, யா" என்று பாட்டியை அழைத்து ஜன்னலோரம் இடம் தருகிறார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 34 வருடப் பழக்கம் கைகொடுக்கிறது. மலை உச்சியில் மாணவிகள் ஒவ்வொருவராக இறங்கியபின், மனைவி பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டுகிறார்.

டோம்பிவிலி வந்து சேரும்போது இரவு 10 மணி. சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் மனைவி மராத்தியில் ஒரு பெயரை எழுதுகிறார். கணவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்: ஜவ்ஹார்.

"ஊருக்கு எப்போ டிக்கெட் போடணும்?"

"அதான் வருஷா வருஷம் போறோமே. போடுங்க" என்கிறார் மனைவி. "இது அடுத்த மாசம்."