போயிட்டு வரேன்

மேடையில் நின்று மொழிபெயர்க்கும் வேலைக்கு இனி யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம். போன சனிக்கிழமையோடு அதற்குப் பெரிய கும்பிடு போட்டாயிற்று.

எங்கள் இரும்பையில் ஒரு மாலை நேர டியூஷன் சென்டர் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்து, வீட்டுப்பாடம் எழுத வைத்து, இருட்டுவதற்குள் அனுப்பிவிடுவார்கள். ஆனி பிறந்தால் அங்கே வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து இறங்கும். அவர்கள் ஊரில் அது கோடை விடுமுறை. இந்த முறை கல்லூரிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், கூடவே அவர்களுடைய சர்ச்சைச் சேர்ந்த பெரியவர்கள் இருவர். பத்து நாள் தங்குவார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், பல் தேய்க்கக் கற்றுக்கொடுப்பார்கள் (எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்), ஒரு சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், போய்விடுவார்கள். ஞாயிறு விடியற்காலை சென்னைக்கு வேன். ஆகவே முழுசாக மிச்சமிருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். காலையில் மரக்காணம் உப்பளம், சாயங்காலம் வழியனுப்பு விழா. இரண்டுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளன். சம்பளம் ஒரு பொன்னாடை.

பொன்னாடையைப் பற்றி இந்த வருஷம் எழுத மாட்டேன் என்று ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் சுருக்கமாக. என் பீரோவின் மேல் தட்டில் 38 பொன்னாடைகள் இருக்கின்றன. அதில் பொன்னும் இல்லை, ஆடையும் இல்லை. போர்த்திக்கொண்டால் அரிக்கும். கிழித்துத் தரை துடைக்கலாம் என்றால் தண்ணீரை உறிஞ்சாது. வீட்டம்மா ஒன்றை வெட்டி மிக்ஸிக்கு உறை தைத்தாள். ஒரே மாதத்தில் ஜரிகை பிரிந்து தேங்காய்ச் சட்னியில் மினுமினுத்தது. ஒரு கைத்தறித் துண்டு போடுங்களேன், குளித்துத் துவட்டவாவது ஆகும் என்று இதே பத்தியில் மூன்று முறை மன்றாடிவிட்டேன். கண்ட பலன்: செஞ்சியிலிருந்து ஒரு வாசகர் பஸ் பிடித்து வந்து, "சார், உங்க பொன்னாடைக் கட்டுரை பிரமாதம்" என்று சொல்லி ஒரு பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார். ஆனி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பதினான்கு வெளிநாட்டுக்காரர்களுக்கும் வரிசையாக அதைப் போர்த்தி... சரி, நிறுத்திக்கொள்கிறேன்.

தூர தேசத்து ஆட்கள் எங்களுக்குப் புதிதில்லை. தலபுராணத்திலேயே வருகிறார்கள். இரும்பை மாகாளம் சம்பந்தர் பாடிய தலம். அங்கே கடுவெளிச் சித்தர் என்று ஒருவர் இருந்தார். கோயில் விழாவில் ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டம் நின்றுவிடக் கூடாதே என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டிவிட்டார். ஊர் கைகொட்டிச் சிரித்தது. சித்தர் சினந்து ஒரு பாட்டுப் பாட, லிங்கம் மூன்றாக வெடித்தது. அரசன் காலில் விழுந்து கெஞ்ச, இன்னொரு பாட்டில் சேர்ந்துகொண்டது. செப்புத் தகடு சுற்றிய லிங்கத்தை இன்றைக்கும் பார்க்கலாம். ஆனால் இந்த மண் பாலையாகும் என்ற சாபம் மட்டும் நின்றதாம், தூர தேசத்தார் வந்து மறுபடி பச்சையாக்கும் வரை.

1968 பிப்ரவரி 28 அன்று பக்கத்தில் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மழை அரித்து, பள்ளம் பள்ளமாக வாய் பிளந்து கிடந்தது. இப்போது காடு. புராணம் பலித்துவிட்டது என்று கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுவோம். குழி வெட்டித் தண்ணீர் சுமந்தவர்களில் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. புராணத்தில் அவர்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

உப்பளத்துக்கு வருகிறேன். ஏழரை மணிக்கே வெயில் பிடரியில் உட்கார்ந்துவிட்டது. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வற்ற வைத்து, கடைசிப் பாத்தியில் உப்புப் பூப்பதை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஓர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரை தூக்கிச் செருகிய புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. நீளக் கோலின் நுனியில் பலகை. அதை அவர் இழுக்கிறார் என்றுதான் தூரத்திலிருந்து தெரியும். கிட்டப் போனால் அது இழுப்பே இல்லை, தடவல். பாத்தியின் தரை பலகைக்குத் தெரியக் கூடாது, தரைமேல் படிந்த உப்பு மட்டும் வர வேண்டும். ஒவ்வொரு தடவலுக்கும் கண்ணாடித் தூள் போலச் சரசரவென்று வெள்ளையாக வந்து குவிந்தது.

குழுவில் மூக்கு நுனி தக்காளியாகச் சிவந்த ஒரு பெண். பத்தொன்பது, இருபது இருக்கும். "நான் செய்து பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். அம்மா கோலைக் கொடுத்தார். இவள் மனசார இழுத்தாள். இரண்டே இழுப்பு. உப்போடு சாம்பல் நிறச் சேறும் வழித்துக்கொண்டு வந்தது.

"குடு பாப்பா. சேத்த சேத்து வாரிட்ட."

அவர் குரலில் கோபம் இல்லை. அழுக்கான உப்பைக் குதிகாலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பலகையை நீரில் அலசி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். என்ன சொன்னார் என்று பெண் என்னைக் கேட்டாள். நன்றாகச் செய்தாய் என்கிறார் என்றேன். அன்றைய முதல் பொய். அவள் ஒதுக்கி வைத்த சேற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இதைப் பழக எத்தனை நாள் ஆகும் என்று கேட்கச் சொன்னாள்.

"நாளா? ரெண்டு சீசன் ஆவும்."

திரும்பும்போது வேனில் என் பக்கத்து இருக்கைக்கு வந்தாள். நாங்கள் வந்ததால் இங்கே யாருக்காவது உபயோகம் உண்டா, உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள். உள்ளதைச் சொல்லும் தைரியம் எனக்கு வேனில் வருவதில்லை. மரக்காணத்தில் திண்டிவனம் என்று அம்புக்குறி போட்ட பலகை கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குத் திண்டிவனம் கிடைத்தால் என்ன ஆகும் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். டாரதி கிளார்க் வில்சன் 1959இல் எழுதிய 'டாக்டர் ஐடா'வை நான்காவது முறையாக இழுக்கப்போகிறேன். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிலோக் கணக்கில் விற்ற குவியலிலிருந்து பொறுக்கிய பிரதி. முன்னட்டை இல்லை, முதல் அத்தியாயத்தைச் செல் தின்றுவிட்டது. எத்தனை முறை படித்தேன் என்ற கணக்கு இல்லை. நம்மவர்களுக்குத் திண்டிவனம் என்றால் பஸ் நின்று டீ குடிக்கும் ஊர். உலக வரைபடத்தில் அந்த ஊருக்கு ஓர் இரவு இருக்கிறது.

ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய மிஷனரி மருத்துவர். அப்பாவும் அப்படியே. வீடே இந்தியாவுக்கு நேர்ந்துவிட்ட வீடு. இந்தப் பெண்ணுக்கோ ஊரைக் கண்டாலே ஆகாது. தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக வாசலுக்கு வந்த குழந்தைகளின் வாயில், கையால் எடுத்துத் தின்னக்கூடத் தெம்பில்லாத வாயில், ரொட்டியைப் பிட்டுப் பிட்டு ஊட்டியவர் இவர், ஆறு வயதில். அந்த நினைவு ஒருத்தியைத் தொண்டுக்கு இழுக்கும் என்றுதான் பிரசங்கம் செய்கிறவர்கள் சொல்வார்கள். இவரை அது ஓட ஓட விரட்டியது. அமெரிக்காவில் படித்துக்கொண்டு, இனி அந்தப் பக்கமே போவதில்லை என்றிருந்தார். 1890இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு அப்போது திண்டிவனத்தில் வேலை.

ஓர் இரவு ஒரு பிராமண இளைஞர் வாசலில் வந்து நின்றார். மனைவிக்குப் பிரசவ வேதனை, உடனே வர வேண்டும். ஐடா, அப்பாதான் டாக்டர், கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அந்நிய ஆண் என் மனைவியைத் தொடுவதா என்று அவர் போய்விட்டார். பிறகு ஒரு முஸ்லிம். பிறகு இன்னொரு மேல்சாதிக்காரர். மூவருக்கும் ஒரே அவசரம், ஒரே மறுப்பு. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. விசாரித்தால் மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்.

மூன்று வாசல், மூன்று விதமான ஆள், ஒரே இரவு. கதை கொஞ்சம் இஸ்திரி போட்டது போல இருக்கிறது என்று எனக்கும் தோன்றியதுண்டு. வாழ்நாள் முழுக்க எத்தனையோ கூட்டங்களில் சொன்ன கதைக்கு மடிப்பு விழத்தான் செய்யும். அதனால் என்ன? கதையின் நடுவில் இருக்கும் முடிச்சை யாராலும் இஸ்திரி போட முடியாது. கை தெரிந்த அப்பாவுக்கு வாசல் திறக்கவில்லை. வாசல் திறந்த மகளுக்குக் கை தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் வேனில் அழுத்திச் சொன்னேன். அவர் போனார். திண்டிவனத்தில் உட்கார்ந்து அந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவில்லை. கப்பலேறிப் போய், 1895இல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, கார்னெல் பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் அங்கே மாறி, 1899இல் பட்டம் வாங்கினார். 1900இல் திரும்பி வந்தார். மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்டச் சொல்லி ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர் கொடுத்த 10,000 டாலர் கையில் இருந்தது. 1902இல் வேலூரில் 40 படுக்கையோடு அந்த மருத்துவமனை திறந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1947இல்தான் ஆண்களைச் சேர்த்தார்கள். 1960இல் கொடைக்கானலில் கண்ணை மூடினார். எங்களுக்கு ஜிப்மர் கூப்பிடு தூரம். இருந்தாலும் பெரிய வியாதி என்றால், "ஒரு தடவ வேலூருக்குத்தான் கொண்டுபோயிப் பாரேன்" என்று சொல்ல ஊரில் ஒரு பாட்டியாவது இருப்பாள்.

வேலூரை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குள் முள்ளாகக் கிடப்பது இடையில் போன வருஷங்கள்தான். திண்டிவனத்தில் அந்த மூன்று வீடுகள் இருந்தனவே. அவர்களுக்கு ஐடா யார்? ராத்திரி போய்க் கதவைத் தட்டினோம், எனக்குத் தெரியாது என்றாள், பிறகு ஊரைவிட்டே போய்விட்டாள். அவ்வளவுதான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் மறுகல்யாணம் செய்து, அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கும், வேலூரில் அஸ்திவாரம் போடுவதற்குள். அந்த வீடுகளுக்கு அவர் கடைசிவரை ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. இதை அவர் நன்றாக அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அத்தனை கூட்டங்களில் அந்த இரவையே போய்ப் போய் எடுத்திருக்க மாட்டார், தோற்ற கதையை யார் அத்தனை தடவை சொல்வார்கள்?

பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பனைமரங்கள் ஓடின. சரியான இடத்தில் தைத்துவிட்டோம் என்று நான் உள்ளூரப் பூரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்துச் சொன்னாள்: "நான் படிப்பது அக்கவுண்டன்சி."

உப்பு வியாபாரத்துக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று சமாளித்தேன். சிரித்தாள்.

சாயங்காலம் முதலில் சுவர். வருஷா வருஷம் அதே சுவர்தான். பிள்ளைகளும் விருந்தாளிகளும் உள்ளங்கையில் பெயின்ட் பூசி அதில் பதிக்க வேண்டும். போன வருஷத்துக் கைகளை வியாழக்கிழமைதான் வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பச்சைக்காக வரிசையில் நின்றாள். அவள் முறை வரும்போது பச்சை டப்பா காலி. ஊதா இருக்கிறதே என்றார்கள். வேண்டாம் என்று கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

பிறகு விழா. உப்பளத்துப் பெண் மைக்கைப் பிடித்தாள். நாளைக் காலை நாங்கள் கிளம்புகிறோம், உங்களை மறக்க மாட்டோம் என்றாள். நான் தமிழில் சொன்னேன்: "நாளைக்குக் காலையில போயிட்டு வரோம்னு சொல்றாங்க."

வேறு எப்படிச் சொல்வது? வாசலில் நின்று "போறேன்" என்றால் எங்கள் ஆயா வாயிலேயே போடுவாள். அறுபது வருஷத்துப் பழக்கம், நாக்கு தானாகவே 'வரேன்' சேர்த்துவிட்டது.

பச்சை கிடைக்காதவள் எழுந்து நின்றாள். "எப்பக்கா வருவீங்க?"

கேள்வியை மொழிபெயர்த்தேன். பெண் திகைத்து, வருவதாக நான் எப்போது சொன்னேன் என்று என்னைக் கேட்டாள். மைக்கை மூடிக்கொண்டு, இது எங்கள் பாஷையின் மரியாதை, அர்த்தம் அப்படியில்லை என்று குசுகுசுவென்று விளக்கினேன். வர மாட்டேன் என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். பயணம் கிளம்புகிற வாயில் அதைப் போடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. அப்படியானால் எனக்குத் தெரியாது என்பதற்கு என்ன என்றாள். அதைச் சொல்லிக்கொடுத்தேன்.

மேடையிலிருந்து இறங்கிப் போய், பிள்ளைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்: "தெ-ரி-ய-ல."

பிள்ளை ஒரு நிமிஷம் யோசித்தாள். "சரி. வந்தா பச்ச எடுத்துனு வாங்க. இங்க தீந்துபோச்சு."

இதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அப்புறம் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் போர்த்தினார்கள். 39.