விலை சொல்லக் கூச்சமா?

"ஏனுங்க்கா, வெலையக் கூட்டிச் சொன்னா ஆருங்க வாங்குவாங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண். கைத்தறித் துணியில் தன் மனசுக்குப் பிடித்த தினுசில் உடைகள் தைத்து விற்கக் கோவையில் சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறாள். துணிக் கிரயம் விலையில் சேர்ந்திருந்தது. அவள் கண்விழித்துத் தைத்த கூலி சேரவில்லை!

கணக்கில் கோட்டை விடுவது இங்கே மட்டுமல்ல. 1955-ல் இரு கூட்டாளிகளுடன் லண்டனில் 'பஸார்' என்ற கடையைத் திறந்தார் மேரி குவான்ட் என்ற இளம் பெண். பகலில் விற்ற பணத்தில் துணி வாங்கி, இரவெல்லாம் தைப்பார். கடையில் கூட்டமோ கூட்டம்! ஆனால் துணியைச் சில்லறை விலைக்கே வாங்கியதால் கையில் மிஞ்சியது சொற்பம்.

நம் பொள்ளாச்சியிலேயே இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். விஜயலட்சுமி நாச்சியாரும் கணவர் மணி சின்னசாமியும் 2009-ல் தொடங்கிய 'எதிகஸ்' சேலைகளில் ஒரு சீட்டுத் தொங்கும். நெய்தவரின் பெயர், படம், நெய்ய எத்தனை நாள் பிடித்தது என்பதெல்லாம் அதில் உண்டு. படித்த பிறகு பேரம் பேச வாய் வருமா?

"நீயும் ஒரு சீட்டுக் கட்டு, அம்மிணி. தைக்க எத்தனை நாள் ஆயிற்று என்று எழுது, கூலியையும் விலையில் சேர்" என்றேன்.

சகோதரிகளே, பெரிய ஜவுளிக் கடைகளில் சீட்டில் கண்ட விலையை வாய் பேசாமல் கொடுக்கிறோம். இந்தச் சின்னக் கடையில் மட்டும் பாதி விலைக்குக் கேட்பது நியாயமா?