பயணத்துக்கு முன்பே விசாவைப் புதுப்பிக்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க விரும்புவோருக்கான ‘மை டிரீம் ஹோம்’ விசா பற்றிய தங்கள் கட்டுரை பயனுள்ளது. வெளிநாடு செல்லும் முன் அதைப் புதுப்பிப்பது பற்றியும் எழுதியிருக்க வேண்டும்.

55 வயது கடந்த வெளிநாட்டவருக்கான இத்திட்டத்தில் 15,000 அமெரிக்க டொலர் வைப்புப் பணமும் மாதந்தோறும் 1,500 டொலர் வரவும் நிபந்தனை. விசா இரண்டு ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது.

இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான விடயமல்ல. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. ஊவாத் தோட்டங்களில் பிறந்து அப்படிப் போனவர்களிலும், பின்னர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர்களிலும் சிலர் முதுமையைச் சொந்த ஊரில் கழிக்க ஆசைப்படுகிறார்கள். பிள்ளைகளோ கடல் கடந்து இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்குப் போய்வராமல் முடியாது.

பண்டாரவளையில் வசிக்கும் ஒரு பெரியவர் பேத்தியின் திருமணத்துக்காக லண்டன் சென்றார். அங்கு நோயுற்றுத் தங்கியபோது விசா முடிந்துவிட்டது. சுற்றுலா விசாவில் திரும்பி, வங்கிச் சான்று முதல் எல்லா ஆவணங்களையும் மீண்டும் திரட்ட நேர்ந்தது. தள்ளாத வயதில் பதுளைப் பகுதியிலிருந்து பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அலைவது எளிதா?

பயணச்சீட்டைக் காட்டும் முதியவர்களின் விண்ணப்பத்தை, விசா முடிய மூன்று மாதங்கள் இருக்கும்போதே குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் ஏற்க வேண்டும். பதுளை மாவட்டச் செயலகத்தில் இதற்கென மாதந்தோறும் நடமாடும் சேவை நடத்தலாம். பயணிப்போரும் பயணச்சீட்டு வாங்கும் முன் விசா முடியும் திகதியைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பண்டாரவளை.