பாடலிற் குரலின் இடம்

பாடலொன்றை ஒலிப்பதிவு செய்ய விரும்பியவர் கொழும்புக்குச் சென்று கலையகத்தின் வாயிலிற் காத்து நின்ற காலம் ஒன்றிருந்தது. இன்றோ, பெரகலச் சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் பாதையோரத்து இளைஞனும், கொஸ்லாந்தைப் பக்கத்து லயன் காம்பிராவில் வாழும் மாணவியும், ஒரு கணினியும் ஓர் ஒலிவாங்கியும் கொண்டு வீட்டிலேயே பாடலை முடித்துவிடுகின்றனர். இதனை நாம் இழிவாகக் கருதோம். 1951இல் அமெரிக்காவிலே லெஸ் போல், மேரி ஃபோர்ட் என்னும் தம்பதியர் தம் இல்லத்திலிருந்தபடியே ஒரே குரலைப் பன்முறை அடுக்கிப் பதிந்து உலகை வியப்பித்தனர். சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 1989இல் தம் வீட்டின் புறத்தே அமைத்த சிறு கலையகத்திலேதான் 1992இல் வெளிவந்த ‘ரோஜா’வின் பாடல்கள் உருவாயின. ஆகவே இடத்தின் சிறுமை குறையன்று.

குறை வேறிடத்தில் உளது. நம் மலைநாட்டு இளைஞர் ஆக்கும் பாடல்களிற் பலவற்றைச் செவிமடுத்தால் தாளம் கேட்கின்றது, வாத்தியம் கேட்கின்றது, சொல் மட்டும் கேட்பதில்லை. இணையத்திலே வாங்கிய தாளத்தடம் முன்னரே உச்ச ஒலிக்கு ஏற்றி முடிக்கப்பட்ட சரக்கு. அதன்மேற் குரலை வைத்தால் குரல் மூழ்கும். மூழ்குகின்றதே என்று குரலை உயர்த்துவர், அது வெடிக்கும். வெடிப்பை மறைக்க எதிரொலியை அள்ளி ஊற்றுவர். முடிவிற் பாடகன் கிணற்றுக்குள் நின்று கூவுவான் போலாகிறான்.

செய்ய வேண்டுவது எளிது: குரலை உயர்த்தற்க, வாத்தியத்தைத் தாழ்த்துக. தாளத்தடத்தை முதலில் ஆறு டெசிபெல் குறைத்துவிட்டுப் பின்னரே குரலை அமைத்தல் வேண்டும். சொல்லைச் சொல்லாக்குவது மெய்யெழுத்து. அதன் தெளிவு பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் இருக்கிறது. கிற்றாரும் கைத்தாளமும் வந்து நெருக்குவதும் அவ்விடத்தையே. வாத்தியத்தில் அப்பகுதியைச் சற்றுக் குறைத்தால், குரலைத் தொடாமலே ழகரமும் ளகரமும் பிரிந்து கேட்கும். முடித்த பாடலைப் பெரிய பெட்டியிற் கேட்டு மகிழ்ந்துவிடாது, கைத்தொலைபேசியின் சிற்றொலியிலும், இரைச்சலிடும் பஸ்ஸிலும் கேட்டுப் பார்த்தல் நன்று.

பதிவிடத்தைப் பற்றியும் ஒரு சொல். தகரக் கூரையின்கீழ் மழை பெய்யும்போது பதிதல் வீண். எக்கருவியும் அவ்விரைச்சலைக் குரலினின்று முற்றாகப் பிரித்துத் தாராது. மழை ஓய்ந்த பொழுதிலே, சுவர்களிற் கம்பளிகளைத் தொங்கவிட்டுப் பதிந்தால் அறையின் கூரிய எதிரொலி பெரிதும் அடங்கும். மலையேறும் பெண்களின் தோளிற் கிடந்த கம்பளி இங்ஙனம் கலைக்கும் உதவுமெனில் யார்தாம் மறுப்பர்? தாலாட்டுப் பாடும் பாட்டியை ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தூரத்தில் அமர்த்தலாம். தப்பின் முழக்கத்தை வெல்லப் பாடிப் பழகிய காமன் கூத்துப் பாடகரையோ இரண்டு முழம் பின்னே நிறுத்தல் வேண்டும்.

இனி, நம்மைப் பெரிதும் வருத்துவது சுருதி திருத்தும் செயலி. எண்ணெய் தேடுதற்காக நில அதிர்வலைகளை ஆராய்ந்த அண்டி ஹில்டெபிராண்ட் என்பார் ஆக்கிய ‘ஓட்டோ டியூன்’ 1997இல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டில் ஷெர் பாடிய பாடலால் ஊரெங்கும் பரவியது. மேனாட்டு மெட்டுக்கு அது பொருந்துமாயிற் பொருந்துக. ஒப்பாரியிலே ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்கு வழுக்கி இறங்கும் குரலை இச்செயலி பிழையென்றே கொள்கிறது. வழுக்கலைப் படிக்கட்டாக வெட்டிவிடுகிறது. அழுகையின் உயிர் அவ்வழுக்கலில் அன்றோ உளது! இக்காலச் செவி அதனையே விரும்புகின்றது என்பார் உளர். செவி பழக்கத்தின் அடிமை; பழக்குவோர் யார் என்பதே கேள்வி.

1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டமக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் உழைப்பால் சொற்கள் ஏட்டில் நின்றன. பாடியோரின் குரலை ஏடு எங்ஙனம் தாங்கும்? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது, மாண்டோருடன் அவர்தம் குரல்களும் மண்ணுட் போயின. இந்நிலையில், எஞ்சியிருக்கும் முதியோரைப் பதியும் நம் மாணவன் அக்குரலையும் தாளத்துக்கு அடியிற் புதைப்பானாயின் அதனை என்னென்பது?

பழைய மாணவர் சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. கல்லூரிக்கு நல்ல ஒலிவாங்கிகள் இரண்டும், பதிவுகளைக் காக்கும் வன்தட்டு ஒன்றும் வழங்குக. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் பதிந்து வரும் ஒவ்வொரு பாட்டிலும், எக்கலவைக்கும் உட்படாத மூலப்பதிவின் படியொன்று, பாடியவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் பதிந்த நாளும் குறித்து நூலகத்திற் சேர்க்கப்படுதல் வேண்டும். அதன்பின் அவர்கள் தம் படியில் எத்தாளத்தை இணைப்பினும் நாம் தடை சொல்லோம்.